கிராம சபையில் ஆறு கையெழுத்து: மலை ஊரைக் கேட்டதாகுமா?

27 ஜனவரி 2025 | கேள்வி

கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டம். எங்க ஊராட்சியில் மொத்தம் 14 குக்கிராமம். காட்டுக்குள் இருக்கிற இரண்டு இருளர் ஊர்களுக்குத் தார்ச்சாலை போட நேற்றைய கிராம சபையில் தீர்மானம் ஆயிருச்சு. மக்கள்தொகை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, வந்தவங்க 140 பேர், கோரம் (வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு) சரி. அந்த இரண்டு ஊரிலிருந்து வந்த ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. சாலையே அவங்களுக்குத்தான். அப்படியிருந்தும் "பழங்குடிகளைக் கேட்கவில்லை" என்று ஒருத்தர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கார். கேட்டாச்சே. இதுக்கு மேல எப்படிக் கேட்கிறது?

27 ஜனவரி, இரவு

கேட்கவில்லை. மனு கொடுத்தவர் சொல்வது சரி.

நேற்று நடந்தது ஊராட்சிகள் சட்டப்படியான கிராம சபை. வன நிலத்தில் சாலைக்குப் பரிந்துரை தர வேண்டியது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படியான கிராம சபை. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர்.

ஊராட்சி கிராம சபையின் கோரம் மக்கள்தொகையை வைத்து வரும்: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வன உரிமைச் சட்டத்தில் கணக்கு வேறு. அதன் 2ஆம் பிரிவில் "கிராமம்" என்றால் வன கிராமமும் பழைய குடியிருப்பும் அளவை செய்யாத ஊரும் அடங்கும், கிராமம் என்று அறிவிக்கை ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும். அதாவது உங்கள் இரண்டு இருளர் ஊர்களும் தனித்தனிக் கிராமம். இரண்டு கிராமம், இரண்டு சபை, இரண்டு தீர்மானம். ஒவ்வொன்றிலும் அந்த ஊர் ஆட்களில் பாதிப் பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும்.

140 பேரில் ஆறு பேர் என்றால் அவர்கள் எதிர்த்துக் கை தூக்கியிருந்தாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். அவர்கள் முடிவெடுத்தார்களா, சாட்சி சொல்ல வந்தார்களா என்பதை இந்த ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

28 ஜனவரி

கோரம் கணக்குப் போடும் வழி. வாக்காளர் பட்டியலை எடுத்து, அந்த ஊர்ப் பெயர்களை மட்டும் பிரித்து, இறந்தவர், கட்டிக்கொடுத்துப் போனவர் பெயர்களை அடித்துவிட்டு எண்ணுங்கள். 84 பேர் என்றால் 42 பேர் வேண்டும். 42 பேர் வந்தால் அதில் 14 பெண்கள். தனியார் உரிமைக் கோரிக்கை மீது தீர்மானம் என்றால் மூன்றாவது நிபந்தனை ஒன்றும் உண்டு: கோரியவர்களில் பாதிப் பேராவது, அல்லது அவர்கள் சார்பாளராவது, சபையில் இருக்க வேண்டும்.

28 ஜனவரி, சற்றுப் பிறகு

ஒருவர் கேட்கிறார்: "மூன்றில் இரண்டு பங்கு கோரம் என்று கையேட்டில் போட்டிருக்கிறதே?" அது 2008 விதி. 2012 செப்டம்பர் 6ஆம் தேதித் திருத்தத்தில் பாதியாகக் குறைத்தார்கள். பழைய கையேடுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கையில் இருப்பதில் சி படிவம் (ஊரின் காட்டை நிர்வகிக்கும் உரிமைக்கான மனு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்தத்துக்கு முந்தையது.

30 ஜனவரி | திருத்தம்

28ஆம் தேதி எழுதியதில் ஒரு தவறு. வாக்காளர் பட்டியலை வைத்து எண்ணுங்கள் என்று சொன்னேன். அது ஊராட்சிச் சட்டத்தின் அளவுகோல். வன உரிமைச் சட்டம் சொல்வது ஊரின் வயதுவந்தோர் அனைவரும். இருளர் ஊர்களில் இந்த வித்தியாசம் சின்னதில்லை. பிறப்புச் சான்று இல்லாமல், ஆதார் தாமதமாகி, பட்டியலில் ஏறாத 18, 19 வயதுப் பிள்ளைகள், வேறு ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்து பெயர் மாற்றாத பெண்கள் எல்லாரும் உறுப்பினர்கள்தான்.

ஆகவே வாக்காளர் பட்டியல் தொடக்கம் மட்டும். வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் குடும்பத் தலைவர், வீட்டில் இருக்கும் வயதுவந்தோர், வெளியூர் வேலைக்குப் போனவர் என்று எழுதி, அந்தப் பட்டியலை முதல் சபையிலேயே படித்து ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "மொத்தம் எத்தனை பேர், பாதி எப்படி வந்தது" என்று கேட்டால் காட்ட வேறு தாள் கிடையாது. இது இல்லாமல் கோட்டாட்சியர் ஆபீசில் திரும்பி வந்த தீர்மானங்கள் நிறைய.

2 பிப்ரவரி

இப்போது சாலை. வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவு பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின் கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என 13 வகைப் பொது வசதிகளுக்கு வன நிலத்தைத் தர வழி செய்கிறது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட நடைமுறை இதற்கு வேண்டாம். நிபந்தனைகள்: ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் கீழ், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும்.

ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். சாலைக்கு வடிகாலோடு சேர்த்து 6 மீட்டர் அகலம் எடுத்தால் 1,666 மீட்டர் நீளத்திலேயே ஹெக்டேர் முடிந்துவிடும். 5 மீட்டர் என்றால் சரியாக 2 கிலோமீட்டர். உங்கள் சாலை காட்டுக்குள் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள். பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும் போகும் பகுதி கணக்கில் வராது.

நான்கு கிலோமீட்டர் சாலையை மூன்று பணியாக வெட்டி மூன்று தீர்மானம் வாங்கும் பழக்கம் உண்டு. செய்யாதீர்கள். முதல் துண்டு முடிந்து இரண்டாவது துண்டில் யாராவது ஆட்சேபித்தால் காட்டு நடுவில் சாலை நின்றுவிடும். பாதி போட்ட சாலைக்கு மழைக்காலத்தில் மண் அரிப்புத்தான் மிச்சம்.

இன்னொன்று. பாதை காவேரி வடக்கு சரணாலயத்துக்குள் வருகிறதா? 2014இல் அறிவித்தது, சுமார் 504 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் பரவியது. 2022 நவம்பரில் காவேரி தெற்கு சரணாலயமும் 686 சதுர கிலோமீட்டரில் வந்தது. 3(2) பிரிவு விலக்குத் தருவது 1980 சட்டத்திலிருந்து. வனவிலங்குச் சட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சரணாலயத்துக்குள் என்றால் அந்த அனுமதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

5 பிப்ரவரி

"சாலை, மின்பாதை போன்ற நீளத் திட்டங்களுக்குக் கிராம சபை ஒப்புதலே தேவையில்லை என்று எஞ்சினியர் சொல்கிறார்." சூளகிரிப் பக்கத்து நண்பர் கேட்டது.

அவர் சொல்வது 2013 பிப்ரவரி 5 சுற்றறிக்கை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 ஆகஸ்ட் 3இல், வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கிராம சபை ஒப்புதல் கட்டாயம் என்றது. 2013இல் நீளத் திட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. எஞ்சினியர் வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். மிகவும் நலிந்த பழங்குடிகளின் உரிமை பாதிக்கப்பட்டால் அந்த விலக்கு இல்லை. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் ஆறு சமூகங்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். உங்கள் ஊர் இருளர் ஊர். எனவே ஒப்புதல் வேண்டும்.

தவிர அது 1980 சட்டத்தின் வழியில் போகும் பெரிய சாலைகளுக்கானது. 3(2) வழியில் போகும் ஊர்ச்சாலைக்குக் கிராம சபைப் பரிந்துரையைச் சட்டமே கேட்கிறது. அதைச் சுற்றறிக்கையால் எடுக்க முடியாது.

2022 ஜூனில் வந்த வனப் பாதுகாப்பு விதிகள் (2023 டிசம்பரில் வேறு விதிகள் வரும் வரை நடப்பில் இருந்தவை) இன்னும் கவலைக்குரியவை. மத்திய அரசு இறுதி அனுமதி கொடுத்த பிறகு, வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றுவது மாநிலத்தின் பொறுப்பு என்று வரிசையை மாற்றிவிட்டார்கள். அனுமதி கையில் வந்த பின் ஊரைக் கேட்டால் ஊர் "வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு இடம் இருக்கும்? ஒடிசாவின் நியம்கிரியில் 2013 ஏப்ரல் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன, சுரங்கம் நின்றது. கேள்வி முன்கூட்டிப் போனதால்தான் அது நடந்தது.

9 பிப்ரவரி

சபையை எப்படிக் கூட்டுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தே எழுதுகிறேன்.

நாள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறும் ஊராட்சி கிராம சபை நாட்கள். வன உரிமைச் சபைக்கு இந்தத் தேதிகளில் ஒன்று வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆண்கள் ஓசூர், பெங்களூரு கட்டட வேலைக்குப் போன ஊரில் திங்கள் காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டால் கோரம் வராது. ஊர்ச் சாமிக்குப் பொங்கல் வைக்கும் வாரம், அல்லது ஞாயிறு சாயங்காலம் வையுங்கள். தேதியை ஊரிடமே கேளுங்கள்.

இடம். ஊருக்குள். ஊராட்சி அலுவலகத்தில் வேண்டாம். எட்டு கிலோமீட்டர் நடந்து வரச் சொன்னால் முதலில் நின்றுவிடுவது கைப்பிள்ளைக்காரிகளும் வயதானவர்களும். பழைய எல்லை தெரிந்தவர்கள் அந்த வயதானவர்கள்தான்.

மொழி. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் புழங்கும் ஊர்கள் ஏராளம், இருளருக்குத் தங்கள் பேச்சும் உண்டு. "வன நிலப் பயன்மாற்றத்திற்கு இச்சபை பரிந்துரைக்கிறது" என்று தமிழில் எழுதிப் படித்தால் கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிபடாது. ஊர்ப் பேச்சில் ஒருவர் சொல்ல வேண்டும், சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகே கை தூக்கல். எந்தப் பேச்சில் விளக்கப்பட்டது, யார் விளக்கினார் என்பதும் நோட்டில் வர வேண்டும்.

சீருடை. வனத்துறையினர் களச் சரிபார்ப்புக்கு வர வேண்டியவர்கள். சபையில் முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள் அல்லர். இந்தப் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1992 ஜூன் 20இல் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் பழங்குடியினர் மீது நடந்த வன்கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி அமர்வு நீதிமன்றம் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடந்ததற்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் நடுவே 31 ஆண்டு. அந்த நினைவு உள்ள மலையில் காக்கிச் சட்டை நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாரும் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். வரும் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதேதான். விளக்கம் சொல்லிவிட்டு, பேச்சு தொடங்குமுன் எழுந்து போகட்டும்.

9 பிப்ரவரி, இரவு

விட்டுப்போனது: சம்பளம். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில், வேலை நேரத்தில் கூட்டம் போட்டு "வரவில்லை" என்று எழுதுவது அநியாயம்.

14 பிப்ரவரி

தீர்மான நோட்டு. ஊர் சொன்னது நிற்பதும் மறைவதும் இதில்தான், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஊராட்சியின் தீர்மானப் பதிவேட்டில் எழுதாதீர்கள். அந்த ஊருக்கென்று தனி நோட்டு, கெட்டி அட்டை, பக்க எண் போட்டது. முதல் பக்கத்தில் ஊர்ப் பெயர், ஊராட்சி, ஒன்றியம், வட்டம், மொத்தப் பக்கம். சபை நடக்கும் நாளில் மேலே தேதி, தொடங்கிய நேரம், இடம், அறிவிப்புக் கொடுத்த நாள், எப்படிக் கொடுத்தது. அடுத்து மொத்த வயதுவந்தோர், வந்த ஆண், வந்த பெண். அதற்கடுத்து சபை முன் வைத்த தாள்கள்: வரைபடம், மதிப்பீடு, வெட்ட வேண்டிய மரங்களின் பட்டியல். வரைபடம் வரவில்லையென்றால் "வரைபடம் தரப்படவில்லை" என்றே எழுதுங்கள்.

பிறகு பேச்சு. "விவாதிக்கப்பட்டு ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது" என்ற ஒற்றை வரி வேண்டாம். யார் என்ன ஆட்சேபித்தார், அதற்கு என்ன பதில் என்று நாலு வரியாவது வர வேண்டும். "சுடுகாட்டு வழியாகப் போகிறது, கிழக்கே நகர்த்த வேண்டும்" என்பது நோட்டில் இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அப்படி யாரும் சொல்லவில்லை என்று ஆகிவிடும்.

ஆம், இல்லை என்று இரண்டு பதில்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். நிபந்தனையோடு பரிந்துரைக்கலாம், கூடுதல் விவரம் கேட்டு ஒத்திவைக்கலாம்.

கையெழுத்தைத் தீர்மானத்துக்குக் கீழே, அதே பக்கத்தில் தொடங்குங்கள். வெற்றுத் தாளில் வருகைக் கையெழுத்து வாங்கி, பின்னால் மேலே தீர்மானம் எழுதுவது அடிக்கடி நடக்கும் மோசடி. அதைத் தடுக்க இது ஒன்றே வழி. கைநாட்டு வைப்பவர் பெயரைப் பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே மிச்ச இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

கலையுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பேர் போனில் படம் எடுக்கட்டும். நகல் ஒன்று கோட்டாட்சியருக்கு, ஒன்று பழங்குடியினர் நலத் துறை அலுவலருக்கு, ஒன்று கலெக்டருக்கு, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில். நோட்டு ஊரில்தான் இருக்க வேண்டும். "சரிபார்த்துத் தருகிறேன்" என்று யார் கேட்டாலும் நகல் மட்டும்.

17 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்: பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கிவரும் ஊருக்குச் சாலை வருவதை நடைமுறை பேசித் தடுக்கிறோமாம்.

இதை நானும் யோசித்தேன். முதல் நாள் குறிப்பில் சட்டத்தைச் சொன்ன வேகத்தில் சாலையின் அவசரத்தைச் சொல்லாமல் விட்டது குறைதான். ஆனால் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டு ஊரில் சபை கூட்ட, அறிவிப்புக்கு ஒரு வாரம், நோட்டு எழுத ஒரு நாள், ஆக பத்து நாளில் முடியும். ஊராட்சித் தீர்மானத்தை வைத்து அனுப்பி, அது திரும்பி வந்து, மறுபடி கூட்டி, மறுபடி அனுப்பினால் ஒரு வருடம். சாலை சீக்கிரம் வேண்டும் என்பவர்தான் முதலில் அந்த ஊருக்குப் போய்க் கேட்க வேண்டும்.

21 பிப்ரவரி

உரிமைக் கோரிக்கைகளை வாங்கிச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவைப் பற்றி. இரண்டு ஊரிலும் குழுவே இல்லை என்று தெரிகிறது. சாலைக்கான சபையிலேயே அதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். 10 பேருக்குக் குறையக் கூடாது, 15ஐத் தாண்டக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 12 பேர் என்றால் எட்டும் நாலும். 15 என்றால் பத்தும் ஐந்தும். தலைவரையும் செயலரையும் அவர்களே தேர்ந்தெடுத்து, கோட்டாட்சியர் தலைமையிலான கோட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊராட்சித் தலைவரோ செயலரோ தானாக உறுப்பினர் ஆக மாட்டார். உறுப்பினரே உரிமை கோரினால் தன் நிலத்தைச் சரிபார்க்கும்போது விலகியிருக்க வேண்டும்.

கோரிக்கை வரவேற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு. தனியாருக்கு ஏ படிவம், பொது உரிமைக்கு பி, ஊரின் காட்டையே காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு சி. குறைந்தது இரண்டு ஆதாரம். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது இருந்தால் நல்லது. இல்லையென்றால் கல்கட்டு, வரப்பு, தடுப்பணை, நட்டு வளர்ந்த புளியும் பலாவும், உரிமை கோராத பெரியவர் ஒருவரின் எழுதிய வாக்குமூலம் எல்லாம் ஆதாரம். பழைய வன அபராத ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த வருடம் அந்த இடத்தில் அவர் இருந்தார் என்பதற்கு அரசே கொடுத்த தாள் அது.

பழங்குடியினருக்கு 2005 டிசம்பர் 13க்கு முன் நிலம் அனுபவத்தில் இருந்தால் போதும். மற்ற வனவாசிகள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்ட வேண்டும். உச்ச வரம்பு 4 ஹெக்டேர். உரிமைச் சான்று கணவன் மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். ஒரு பெயர் மட்டும் வந்தால் அன்றே திருப்பி எழுதுங்கள்.

களச் சரிபார்ப்புக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வந்தால் பதவி, தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். வராமல் இருந்துவிட்டுப் பின்னால் ஆட்சேபித்தால் மனு சபைக்குத் திரும்பி வரும். மறு சரிபார்ப்புக்கும் வராவிட்டால் சபையின் முடிவே இறுதி. 2012இல் சேர்ந்த 12ஏ விதி இது. அழைப்புக் கடிதத்தின் ஒப்புகை கையில் இல்லையென்றால் இந்த விதியால் பயனில்லை.

22 பிப்ரவரி

"இரண்டு ஏக்கர் கேட்டேன், நாற்பது சென்ட் வந்தது" என்பதற்குப் பதில். அந்த முடிவை உங்களிடம் நேரில் தெரிவித்திருக்க வேண்டும். கோட்டக் குழு குறைத்தால் 60 நாளுக்குள் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு மனு, தாமதத்துக்குக் காரணம் இருந்தால் மேலும் 30 நாள். செயற்கைக்கோள் படத்தில் மரம் தெரிகிறது என்பது மட்டுமே காரணமாக முடியாது. படம் துணை ஆதாரம்தான். மலைச் சரிவில் பலாவும் மாவும் நட்ட நிலம் மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும்.

அளக்கும்போதும் கவனம். போன் ஜிபிஎஸ் மர நிழலில் ஐந்து, பத்து மீட்டர் விலகும். சின்ன நிலத்தில் அதுவே கால் பங்கைத் தின்றுவிடும். ஒவ்வொரு மூலையிலும் சில நிமிடம் நின்று, இரண்டு கருவியில் எடுத்து, வரப்பைச் சங்கிலியாலும் அளந்து எழுதுங்கள்.

3 மார்ச்

அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாதம்: "சித்தேரியில் எல்லாரும் மலையாளிப் பழங்குடிதான். அங்கே ஊராட்சி அளவிலேயே கூட்டினால் என்ன நஷ்டம்?"

சிறுபான்மை ஆகிவிடுவார்கள் என்ற சிக்கல் அங்கே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டு எல்லை ஊருக்கு ஊர் வேறு. கடுக்காய் எடுக்கும் சரிவு ஒரு ஊருடையது, சீமாற்றுப் புல் அறுக்கும் மேடு இன்னொன்றுடையது. சி படிவத்தில் எழுத வேண்டிய எல்லையை அந்த ஊர் பெரியவர்தான் நடந்து காட்ட முடியும். இரண்டு ஊர் எல்லை முட்டினால் இரண்டு குழுவும் சேர்ந்து உட்கார்ந்து பேசித் தங்கள் சபைகளுக்கு எழுத வேண்டும். முடியாவிட்டால்தான் கோட்டக் குழு. மலை முழுக்க ஒரே சபை என்றால் சாலையோர ஊர்க்காரர் குரல்தான் கேட்கும்.

மலையாளிகள் பற்றி இன்னொரு விவரம். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் தருமபுரி, சேலம் போன்ற குறிப்பிட்ட பழைய மாவட்டங்களோடு சேர்த்தே இருக்கிறது. பக்கத்து ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் அதே மக்கள் பட்டியலில் இல்லை. தருமபுரியில் 2005 தேதி போதும், பர்கூர் மலையில் 75 ஆண்டு காட்ட வேண்டும்.

4 மார்ச்

மேலே உள்ள குழுக்களில் பழங்குடியினர் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு. கோட்டக் குழுவிலும் மாவட்டக் குழுவிலும் அதிகாரிகள் தவிர மூன்று பேர் ஊராட்சி அமைப்புகளிலிருந்து வர வேண்டும், அதில் குறைந்தது இரண்டு பேர் பழங்குடியினர். அவர்களை நியமிப்பது மாவட்ட ஊராட்சி. நம் இரண்டு மாவட்டத்திலும் 2019இல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். அப்படியானால் அந்த மூன்று நாற்காலியில் இப்போது யார்? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: தற்போதைய உறுப்பினர் பெயர்ப் பட்டியல், நியமன ஆணையின் நகல், கடைசி மூன்று கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள்.

தேர்தல் இல்லாத காலத்தில் ஊர்ச் சபை கலைந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது தேர்ந்தெடுத்து வருவது அன்று, அந்த ஊர் ஆட்களே அது.

இன்னும் மேலே போனால் கிடைப்பது குறைவு. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி (அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவித்த பழங்குடிப் பகுதி) இல்லாததால், அத்தகைய பகுதிகளின் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே வராது. பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு, அட்டவணைப் பகுதி இல்லாமலே அது அமைந்த மாநிலங்களில் இதுவும் ஒன்று. அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பழங்குடி சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் ஏற்பாடு. ஆனால் இங்கே பழங்குடியினருக்கான தனித் தொகுதி இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒன்றும் இல்லை. அதனால்தான் ஊர்ச் சபையைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். இந்த மலைகளில் மக்கள் நேராக முடிவெடுக்கச் சட்டம் கொடுத்த இடம் அது ஒன்றுதான்.

10 மார்ச்

மேய்ச்சல் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவோடு நிறுத்திக்கொண்டது. மேய்ச்சல் உரிமை வன உரிமைச் சட்டத்தின் 3(1) பிரிவில் இருக்கிறது, சட்டம் சரணாலயத்துக்கும் பொருந்தும். ஆகவே பட்டி போடும் ஊர்கள் பி படிவத்தை உடனே போடுங்கள். பட்டி இடம், தண்ணீர்க் குட்டை, போகும் வழி, எந்த மாதம் எங்கே, எத்தனை மாடு. அங்கீகரித்த உரிமை கையில் இருந்தால் பேச இடம் உண்டு. வாய்வழக்கம் மட்டும் இருந்தால் தடுக்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

16 மார்ச்

கேள்வி கேட்டவர் நேற்று விவரம் அனுப்பியிருக்கிறார். முதல் ஊரில் 84 பேரில் 51 பேர், அதில் 27 பெண்கள். சாலைக்குப் பரிந்துரை, ஒரு நிபந்தனையோடு: வரைபடத்தில் பாதை புதைமேட்டை ஒட்டிப் போகிறது, அதை ஓடைக்கு மேற்கே மாற்ற வேண்டும். ஜனவரி 26 தீர்மானத்தில் இந்தப் புதைமேட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பாதையை மாற்றினால் 140 மீட்டர் கூடும், 6 மீட்டர் அகலத்தில் 840 சதுர மீட்டர். மொத்தம் ஹெக்டேருக்குள் நிற்கிறதா என்று எஞ்சினியரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு அனுப்புங்கள்.

இரண்டாவது ஊரில் 71 பேருக்கு 36 வேண்டும், 33தான் வந்தார்கள். மூன்று பேர்தானே, வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். வேண்டாம். "கோரம் இல்லை, ஒத்திவைக்கப்பட்டது" என்று நோட்டில் எழுதி, வந்த 33 பேரிடமும் கையெழுத்து வாங்கி, அடுத்த தேதியையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பெங்களூரு போனவர்கள் யுகாதிக்கு ஊர் திரும்புவார்கள். இந்த வருடம் மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை.